"கூடாது" என்று சொல்லச் சம்பளம்!

வக்கீல் என்றதும் உங்கள் மனக் கண்ணில் என்ன தோன்றுகிறது? கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கூண்டில் நிற்கும் சாட்சியைப் பார்த்து விரலை நீட்டி இடி முழக்கம் போல் ஒரு கேள்வி! சினிமா நமக்குச் செய்திருக்கும் உபகாரம் இது. ஆனால் வருஷக் கணக்காகக் கோர்ட்டுப் படியே ஏறாத வக்கீல்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே சாட்சியும் கிடையாது, கூண்டும் கிடையாது. மேஜை மேல் பழுப்பேறிய பத்திரக் கட்டு ஒன்று கிடக்கும். அதைப் படித்துவிட்டு அவர்கள் எழுதும் சில பக்கக் காகிதத்தைப் பொறுத்துத்தான், நீங்கள் ஆசையோடு பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்குப் பாங்கியில் கடன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும்.

"சம்பளச் சீட்டைக் கொடுத்தாகிவிட்டது. வரி கட்டிய கணக்கையும் கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் இந்த வக்கீல் எதற்கு? 'விற்கிறவருடைய அத்தை எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்?' என்றெல்லாம் கேட்டு உயிரை வாங்குகிறாரே!" என்று வீட்டுக் கடன் கேட்டுப் போனவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அத்தையின் கையெழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. கடன் கொடுக்கும் பாங்கிக்காக அவர் கேட்கும் கேள்விகள், கடன் வாங்கும் குடும்பத்தையும் சேர்த்தே காப்பாற்றுகின்றன. எப்படி என்று பார்ப்போமா?

முப்பது வருஷத்துக் கதை

வக்கீல் முதலில் கேட்பது மூலப் பத்திரம். உங்களுக்கு வீட்டை விற்பவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார் என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறார். நடுவில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்தது என்றே அர்த்தம். கூடவே பட்டா, வீட்டு வரி ரசீது, சப்-ரிஜிஸ்திரார் ஆபீசிலிருந்து வில்லங்கச் சான்று. வில்லங்கச் சான்று வழக்கமாக 30 வருஷத்துக்குக் கேட்பார்கள். 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின்படி, அடமானம் வைத்த சொத்தை மீட்பதற்கு 30 வருஷம் வரை வழக்குப் போடலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் அத்தனை வருஷம் திரும்பிப் பார்ப்பதன் அருமை விளங்கும்.

"வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. இனி என்ன கவலை?" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். ரிஜிஸ்தர் ஆன விஷயங்கள் மட்டுமே அதில் தெரியும். உயிலை ரிஜிஸ்தர் செய்யவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகையால் தாத்தா எழுதி, டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன உயில் வில்லங்கச் சான்றில் தலை காட்டாது. காலமானவருக்கு எத்தனை வாரிசு என்பதும் தெரியாது. இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வக்கீலின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது.

'பவர்' பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். விற்கும் அதிகாரத்தை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். விற்பனை நடப்பதற்குள் வீட்டுக்காரர் காலமாகிவிட்டால், பொதுவாக அந்தப் பவருக்கும் அதே நிமிஷத்தில் உயிர் போய்விடுகிறது. ஆகவே, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வக்கீலின் முதல் கேள்வி. வெறும் பவர் பத்திரத்தையே விற்பனைப் பத்திரம் போல் கைமாற்றி வீடு வாங்கிக்கொண்டிருந்த வழக்கமும் உண்டு. அப்படிக் கைமாறுவதால் சொத்துரிமை மாறாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அடித்துச் சொல்லிவிட்டது.

அப்பா இல்லாத குழந்தையின் பங்கு இன்னொரு கண்ணி. மைனரின் பங்கைத் தாயாரே கையெழுத்திட்டு விற்றிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் நல்ல எண்ணத்தோடுதான் விற்றிருப்பாள். ஆனால் 1956-ம் வருஷத்து ஹிந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டப்படி, மைனரின் வீடு நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கோர்ட்டின் அநுமதி வேண்டும். அநுமதி இல்லாமல் நடந்த விற்பனையை அந்தப் பிள்ளை பெரியவனானதும் ரத்துச் செய்யக் கேட்கலாம். நீங்கள் குடியேறிச் சுண்ணாம்பு அடித்து, மாடியும் எடுத்த பிறகு வாசலில் வந்து நிற்பான்!

சகோதரியின் கையெழுத்து எங்கே?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஒரு வீட்டை விற்கிறார்கள். மூவர் கையெழுத்தும் இருக்கிறது. பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. வக்கீல் கேட்கிறார்: "உங்களுக்குச் சகோதரிகள் உண்டா?"

"இரண்டு பேர் ஸார். கல்யாணமாகிப் போய் வருஷக் கணக்காகிறது. அவர்களுக்கு இதில் என்ன பாத்தியதை?"

பாத்தியதை நிறைய இருக்கிறது! தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படியே மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் பிறப்பிலேயே பங்கு கொடுத்தது மாநிலச் சட்டம். 1989-ம் வருஷம் மார்ச்சு 25 முதல் அமல். ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது இல்லை என்று ஒரு தடை இருந்தது. 2005-ம் வருஷம் செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. "2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்தால்தானே பங்கு?" என்று ஒரு வாதம் கிளம்பி, பல குடும்பங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பங்கு பிறப்பினால் வருவது என்று 2020-ம் வருஷம் ஆகஸ்டு 11-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு முடிவு கட்டியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக நடந்து முடிந்த விற்பனைகளையும் ரிஜிஸ்தர் ஆன பாகப் பிரிவினைகளையும் மட்டும் கலைக்க முடியாது.

ஆகையால், வீடு வாங்குகிறவராக இருந்தால், விற்கும் குடும்பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறந்த வீட்டிலிருந்து அண்ணா காரில் வந்து, "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு" என்று காகிதத்தை நீட்டினால், அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். மனப்பூர்வமாக விட்டுக் கொடுப்பது உங்கள் இஷ்டம். படிக்காமல் விட்டுக் கொடுப்பதுதான் தவறு. காப்பி கொடுத்து உபசரியுங்கள். காகிதத்தை மட்டும் ஒரு நாள் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சென்னைக்குக் கிடைத்த சலுகை

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அடமானத்தில் ஆறு வகை சொல்கிறது. நமக்குப் பழக்கமான போக்கியம் அதில் ஒன்று. கடன் கொடுத்தவர் வீட்டை அநுபவித்துக்கொள்வார். ஆனால் இன்று பாங்கிகள் வீட்டுக் கடனுக்கு அதிகமாகக் கையாளுவது இன்னொரு வகை. அசல் பத்திரங்களைப் பாங்கியில் ஒப்படைத்தாலே போதும், அடமானம் ஏற்பட்டுவிடும். ஆரம்பத்தில் இந்தச் சலுகை கல்கத்தா, பம்பாய், சென்னை போன்ற சில பட்டணங்களுக்குத்தான் இருந்தது. வியாபாரிகளுக்கு அவசரமாகப் பணம் புரள வேண்டும் அல்லவா? பிற்பாடு மற்ற ஊர்களையும் அரசாங்கம் சேர்த்துக்கொண்டது.

சலுகை இருக்கும் இடத்தில் சூதும் முளைக்கும். கலர் நகல் எடுக்கும் யந்திரம் வந்த பிறகு, ஒரே வீட்டுப் பத்திரத்தை இரண்டு மூன்று பாங்கிகளில் 'அசல்' என்று வைத்துக் கடன் வாங்கிய பேர்வழிகள் தோன்றினார்கள். இதைத் தடுக்க 2011-ல் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவேடு ஆரம்பமாயிற்று. பாங்கியில் அடமானமான வீடு அதில் ஏறிவிடும். அடுத்த பாங்கி வக்கீல் தேடிப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். வீடு வாங்கும் யாரும் சிறு கட்டணம் கட்டி அதில் தேடலாம்.

பிரேக் பிடிப்பவர்

இதுவரை சொன்னது பத்திரம் படிக்கும் வக்கீலின் வேலை. பாங்கிக்கு உள்ளேயே இன்னொரு வக்கீல் இருக்கிறார். ரிசர்வ் பாங்க் போட்ட விதிகளைப் பாங்கி அநுசரிக்கிறதா, கொடுத்த பணம் திரும்பி வராமல் போகும் அபாயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது அவர் பொறுப்பு. 'காம்ப்ளையன்ஸ்', 'ரிஸ்க்' என்று அந்த இலாகாக்களுக்குப் பெயர். கடன் பிடிக்கும் இலாகா வண்டியை வேகமாக ஓட்டும். இவர் பிரேக் பிடிப்பார். "இந்தக் கடன் கூடாது", "இந்த விளம்பரம் கூடாது", "இந்தக் கட்டணம் கூடாது" என்று சொல்வதற்காகவே சம்பளம்!

அப்படிச் சொல்பவரை யாரும் மிரட்டக்கூடாது அல்லவா? அதற்காக 2020-ல் ரிசர்வ் பாங்க் பாங்கிகளுக்கு உத்தரவு போட்டது. இந்த இலாகாவின் தலைமை அதிகாரிக்குக் குறைந்தது 3 வருஷம் நிச்சயமான பதவிக் காலம் உண்டு. கடன் பிடிக்கும் இலாகாவுக்கு அவர் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது. "இத்தனை கோடிக்குக் கடன் பிடி" என்று அவருக்கு இலக்குக் கொடுக்கவும் கூடாது.

அவர் காவல் காக்கும் விதிகளில் சில உங்களுக்கு நேராகப் பயன்படும். 30 லட்சம் வரையுள்ள கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவிகிதம் வரை கொடுக்கலாம். 30 லட்சத்திலிருந்து 75 லட்சம் வரை 80 சதவிகிதம். அதற்கு மேல் 75 சதவிகிதம். மீதியை நீங்கள்தான் சேர்த்து வைத்திருக்க வேண்டும். "முழுப் பணமும் நாங்களே தருகிறோம்" என்று யாராவது சொன்னால், எங்கேயோ இடிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 20 லட்சம் கடன், 20 வருஷம், வட்டி 9 சதவிகிதம் என்றால் மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 15,000. அசலில் கழிவது 2,995 மட்டுமே! 5 வருஷத்தில் 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டியிருப்பீர்கள். அசலில் பாக்கி எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 17 லட்சத்து 74 ஆயிரம்!

இன்னும் கேளுங்கள். வட்டி 9-லிருந்து 10 ஆகிறது. தவணைத் தொகை மாறவில்லை. "நல்ல வேளை!" என்று நீங்கள் பெருமூச்சு விடுகிறீர்கள். ஆரம்பத்திலேயே இப்படி ஏறியிருந்தால் 240 மாதக் கடன் 314 மாதமாகி இருக்கும். ஆறு வருஷத்துக்கு மேல் ஓசைப்படாமல் நீண்டுவிட்டது! இதனால்தான், வட்டி மாறும்போது கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும், தவணையைக் கூட்டிக்கொள்வதா காலத்தை நீட்டிக்கொள்வதா என்று கேட்க வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் பாங்க் விதி செய்தது. மாறும் வட்டியுள்ள வீட்டுக் கடனைத் தனி நபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று பாங்கிகளுக்கு 2012-லேயே சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் முதல், வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவிகிதம் ஆகிறது என்பதை ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடன் வாங்குமுன் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பாங்கிச் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புடைவைக் கடையில் இரண்டு புடைவையை விரித்துப் பார்க்காமலா வாங்குகிறோம்?

பிரேக் இல்லாத வண்டி

பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே உதாரணம். 1974-க்கு முன்பு அங்கே மனைவியின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் வீட்டுக் கடன் கொடுத்த கம்பெனிகள் உண்டு. "இன்றைக்கு வேலை, நாளைக்குக் குழந்தை பிறந்தால்?" என்பது அவர்கள் வாதம். அந்த வருஷம் வந்த சட்டம் அதைத் தடுத்தது. அதுவரை கொடுக்க மறுத்தவர்கள் பிற்காலத்தில் நேர்மாறாகப் போனார்கள். வருமானம் உண்டா என்றுகூடச் சரியாகப் பார்க்காமல் கடனை வாரி இறைத்தார்கள். 2008-ல் வீட்டு விலை சரிந்தபோது பெரிய பெரிய பாங்கிகளே ஆட்டம் கண்டன. லட்சக் கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் விசித்திரம். வீடுகளை ஏலம் போடுவதற்கான பிரமாண பத்திரங்களை, படித்தே பார்க்காமல் ஆயிரக் கணக்கில் கையெழுத்திட்டுத் தள்ளியிருக்கிறார்கள் என்பது 2010-ல் அம்பலமாயிற்று. 2012-ல் ஐந்து பெரிய பாங்கிகள் சேர்ந்து 2,500 கோடி டாலருக்குச் சமாதானம் செய்துகொள்ள நேர்ந்தது. கடன் வாங்குபவரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று விசாரித்த பிறகே கடன் கொடுக்க வேண்டும் என்ற விதி 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நம் பாட்டிமார் ஒரு படி அரிசி கடன் கொடுக்கும்போதே விசாரித்துக்கொண்ட விஷயம்!

தவணை தவறினால்?

யாருக்கும் வரக்கூடாது. ஆனால் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். வேலை போயிற்று; அல்லது வியாதி. தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால், அந்தக் கடனை வாராக் கடன் கணக்கில் சேர்க்கிறார்கள். பிறகு 2002-ம் வருஷத்துச் சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். இந்தச் சட்டத்தில் பாங்கி கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட முடியும். ஆனால் மொத்தக் கடனில் 80 சதவிகிதத்துக்கு மேல் அடைந்துவிட்டால் இந்தச் சட்டத்தைப் பிரயோகிக்க முடியாது.

நோட்டீஸைப் பார்த்துப் பயந்து பீரோவுக்குள் ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால், 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லப் பாங்கி கடமைப்பட்டது. வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பணம் புரட்டி மீட்பதற்கும் கடைசி நாள் உண்டு. ஏலம் நடக்கும் நாள் வரை அவகாசம் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2016-ம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த உரிமை. நாள் தவறினால் வீடு தவறும்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பேருக்குத்தான் அக்கா" என்பார்கள். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்காரருக்கும் அவ்வளவே பொறுப்பு. சட்டத்தில் 'பேருக்கு' என்று ஒரு ஜாமீன் கிடையாது.

இந்த உத்தியோகத்துக்கு வருவது எப்படி?

உங்கள் பெண்ணோ பிள்ளையோ சட்டம் படிக்க ஆசைப்பட்டால், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு 5 வருஷம், அல்லது பட்டம் பெற்ற பிறகு 3 வருஷம் படிக்க வேண்டும். படித்துச் சன்னது வாங்கிய பிறகு இரண்டு வழி. வெளியிலிருந்தே பாங்கிகளுக்குப் பத்திரம் பார்த்து அபிப்பிராயம் எழுதிக் கொடுத்து, கட்டணம் வாங்கிக்கொள்வது ஒன்று. பாங்கியிலேயே மாதச் சம்பளத்துக்கு அமர்வது மற்றொன்று. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் கோர்ட்டில் தொழில் நடத்தக் கூடாது என்பது பார் கௌன்சில் விதி. ஆகவே அவர் சன்னதை நிறுத்தி வைக்க வேண்டும். நாவன்மை இல்லையே என்று தயங்கும் பிள்ளைகளுக்கு இது ஏற்ற துறை. பொறுமை வேண்டும், பழைய பத்திரக் கையெழுத்தைப் படிக்கும் கண் வேண்டும், கொஞ்சம் கணக்கு வேண்டும்.

தைரியமும் வேண்டும். ஹைதராபாத்தில் பாங்கிக்கு அபிப்பிராயம் எழுதிக் கொடுத்த ஒரு வக்கீல், போலிப் பத்திரங்களால் நடந்த வீட்டுக் கடன் மோசடியில் தாமும் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். சதியில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லாமல், அபிப்பிராயம் பிசகியது என்பதற்காக மட்டும் வக்கீலைக் கிரிமினல் குற்றவாளியாக்க முடியாது என்று சொல்லி, 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் விடுவிக்கப்பட்டதை உறுதி செய்தது. ஆனால் அந்த நிலைக்கு வருமுன் ஒரு மனிதர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்! "சீக்கிரம் எழுதிக் கொடுங்கள் ஸார்" என்று நாலு பக்கமும் நெருக்கும்போது, "இந்த ஒரு பத்திரத்தைப் பார்க்காமல் எழுத மாட்டேன்" என்று சொல்லும் நெஞ்சுரம் சட்டப் புஸ்தகத்தில் கிடைப்பதில்லை.

கடைசியாக, கடன் தீரும் நாளைப் பற்றி. முழுப் பணமும் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் விதி. பாங்கியின் தவற்றால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். கடன் வாங்கியவர் காலமாகிவிட்டால் வாரிசுகளிடம் பத்திரத்தைச் சேர்ப்பதற்கும் பாங்கி முறை வகுத்திருக்க வேண்டும். அடமானம் ரிஜிஸ்தர் ஆகியிருந்தால், தீர்ந்ததற்கான ரசீதையும் ரிஜிஸ்தர் செய்யுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். உங்கள் மகள் அந்த வீட்டின் மேல் கடன் கேட்கும் நாளில், வேறொரு வக்கீல் அதைச் சுட்டிக் காட்டி, "கூடாது" என்பார்!

பத்திரக் கட்டு வீட்டுக்கு வந்ததும் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். வைப்பதற்கு முன் ஒரு மத்தியான வேளையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஒரு தரம் படித்துவிடுங்கள். அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?